எஸ்டேட் ஓரத்து வீட்டுக்கு எத்தனை லூமன் டார்ச்?

கேள்வி இது: கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் தனி வீடு. அப்பா அம்மா இருவர் மட்டும் இருக்கிறார்கள், கேட்டவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். ராத்திரி வெளியே சத்தம் கேட்டால் அது கரடியா, காட்டெருமையா, திருடனா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு டார்ச் வாங்கித் தர வேண்டும். ஆயிரம் லூமன் போதுமா, மூவாயிரம் வேண்டுமா, ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் லூமன் என்று போட்டிருக்கிறதே, அதை வாங்கலாமா, வெட்டி வெட்டி எரிகிற ஸ்ட்ரோப் வேண்டுமா?

நேர்மையான 500-லிருந்து 800 லூமன், அதோடு கற்றையின் செறிவைச் சொல்கிற கேண்டெலா 10,000-க்குக் குறையாமல் இருந்தால் உங்கள் வீட்டுக்குத் தாராளம். பத்தாயிரம் லூமன் சமாச்சாரத்தைத் தொடவே வேண்டாம். சமவெளியில் இருக்கிற ஒருவர் கேட்டிருந்தால் இதோடு முடித்திருப்பேன். மலையில் மூட்டம் இருக்கிறது, எப்போதும் சாத்தியே கிடக்கிற கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, தேயிலைச் செடிக்கு நடுவே இருட்டோடு இருட்டாக நிற்கிற காட்டெருமை இருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கிற எண் இந்த மூன்றுக்கும் முன்னால் செல்லுபடியாகாது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் லூமன். டார்ச்சிலிருந்து மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பது அது. அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று அந்த எண் சொல்லாது, அதற்குக் கேண்டெலாவைப் பார்க்க வேண்டும். ஒரே 500 லூமனை அகலமாகப் பரப்பினால் வாசல் முழுக்கத் தெரியும், முப்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதையே ஒடுக்கி அனுப்பினால் எட்டத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரம் தெளிவாகத் தெரியும், காலடியில் இருக்கிற படி தெரியாது. பெட்டியில் பீம் டிஸ்டன்ஸ் என்று மீட்டரில் போட்டிருப்பார்கள். 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்.எல்.1 என்ற தரநிர்ணயத்தின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு) குறைகிற தூரம்தான் அது. அதாவது மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுக்கு. கணக்கும் சுலபம், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் வந்துவிடும், 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். ஆனால் நிலா வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியுமே தவிர என்ன நிற்கிறது என்று தெரியாது இல்லையா, அதனால் பெட்டியில் இருக்கிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்ப வேண்டும். 200 என்றால் அறுபது, எழுபது மீட்டர். உங்கள் வாசலிலிருந்து அவ்வளவு தூரம் தெரிந்தால் போதும், அதற்கு அப்பால் நிற்பதைப் பற்றி அந்த நேரத்தில் கவலைப்பட வேண்டியதில்லை.

லூமன் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்கு பளிச்சென்று தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சுமார் நாலு மடங்கு ஏற்றினால்தான் இரண்டு மடங்கு போலத் தோன்றும். 800-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்தப் பத்தாயிரம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு, நூற்றைம்பது லூமன் தரும். அப்படியானால் பத்தாயிரம் லூமனுக்கு எழுபதிலிருந்து நூறு வாட் வேண்டும். அந்த டார்ச்சுக்குள் இருப்பது ஒரே ஒரு 18650 செல், அதாவது 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற நல்ல 18650 செல்லின் கொள்ளளவு 3500, 3600 மில்லி ஆம்பியர் அவர்தான், மொத்தம் சுமார் 13 வாட் அவர் சக்தி. நூறு வாட் இழுத்தால் எட்டு நிமிடத்தில் காலி, அதற்கு முன்பே கையில் பிடிக்க முடியாமல் சுட்டுவிடும். அந்த செல்லின் மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய். வயசானவர்கள் ராத்திரியில் நம்பி எடுக்கப்போகிற பொருளில் இப்படிப் பொய் எழுதி விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம்.

நல்ல கம்பெனி டார்ச்சிலும் ஒன்றைக் கவனியுங்கள். 2000 லூமன் என்று போட்டிருக்கிற சின்ன டார்ச், சூடு தாங்காமல் ஓரிரு நிமிடத்திலேயே தானாக 600, 700-க்கு இறங்கிவிடும். எஃப்.எல்.1 முறையில் லூமனை ஆரம்பத்திலேயே, போட்ட அரை நிமிடத்திலிருந்து, அளந்துவிடுகிறார்கள், பிறகு இறங்குவதைப் பெட்டியின் பெரிய எழுத்து சொல்லாது. தொடர்ந்து எவ்வளவு எரியும் என்று கையேட்டில் வரைபடம் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அரை மணி நேரம் ஒரே சீராக 500 லூமன் நிற்கிற டார்ச்சைத்தான் நான் உங்கள் அப்பா கையில் கொடுப்பேன்.

மூட்டத்துக்கு வருகிறேன், இந்த ஊரில் வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும், கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி ஆடியிலும் மேகம் அப்படியே தோட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும், மழைக் காற்றில் லைன் மேல் மரம் விழுந்து கரண்டும் அன்றைக்கே போகும். அந்த நேரத்தில் மூவாயிரம் லூமனைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா, மூக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். காற்றில் மிதக்கிற நீர்த்துளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கே அனுப்புகிறது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டச் சுவரும் வெளுக்கும், கண்ணின் பாவை சுருங்கும், பின்னால் நிற்பது இன்னும் மறையும். அங்கே வெளிச்சத்தைக் குறைப்பதுதான் வழி, 100, 200 லூமன், ஒடுங்கிய கற்றை. அதைவிட முக்கியம் டார்ச்சைப் பிடிக்கிற இடம். கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்காமல், கையை நன்றாகப் பக்கவாட்டில் நீட்டியோ இடுப்புக்குக் கீழே தாழ்த்தியோ பிடித்தால், ஒளிர்கிற துளிகளின் பாதை உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து விலகிவிடும், பின்னால் இருப்பது கொஞ்சம் துலங்கும். தலையில் மாட்டுகிற ஹெட்லைட் மூட்டத்தில் இதனால்தான் மகா மோசம். மஞ்சள் வெளிச்சம் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மூட்டத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அவை வெள்ளையையும் மஞ்சளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். இளமஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கும், அதற்காக வாங்குங்கள்.

அடுத்தது ஜன்னல். குளிருக்காகக் கண்ணாடியைச் சாத்தி வைத்திருப்பீர்கள், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சில் கண்ணாடி வேர்த்திருக்கும். எழுந்து வந்து ஒரு அடி தள்ளி நின்று டார்ச் அடித்தால் தெரிவது தன் முகமும் சட்டையும்தான், வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் அறை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்துவிட்டு, டார்ச்சின் வாயைக் கண்ணாடியோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் அழுத்தி வைத்து, பிறகு பொத்தானை அமுக்க வேண்டும். பளபளப்பு கண்ணுக்கு வராது, வெளிச்சம் முழுசாக வெளியே போகும். கண்ணை டார்ச்சுக்கு மேலே வைக்காமல், துடைத்த வட்டத்தின் மறு ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் தட்டையாக இருக்கிற டார்ச் இதற்கு வசதி, சில டார்ச்சில் விளிம்பு பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும், அது வேண்டாம். கதவைத் திறக்காமலே முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். இந்த வசதிக்காக எத்தனை லூமனையும் விட்டுக்கொடுக்கலாம் என்பேன்.

வீட்டுக்குள் நடமாட 500-ஏ அதிகம். சுண்ணாம்பு அடித்த பத்தடி அறையில் 1000 லூமனை நேராகச் சுவரில் அடித்தால் அடித்தவருக்கே கண் இருண்டுவிடும். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கிறது, அந்தப் பழக்கம் கெட ஒரு நொடி போதும், வயசான கண் திரும்பப் பழக இன்னும் நேரம் எடுக்கும். அந்தத் தடுமாற்றத்தில் சமையலறைப் படியில் கால் இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த அபாயம் வெளியே நிற்கிற கரடியைவிடப் பெரியது. எனவே முதல் அமுக்கலிலேயே 10, 20 லூமன் எரிகிற டார்ச் ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினால் போதும், வெள்ளைக் கூரை இருந்தால் ட்யூப்லைட் போட்ட மாதிரி பரவும்.

அப்புறம் வெளியே நிற்பது என்ன என்று கண்டுபிடிக்கிற விஷயம். காட்டெருமையின் உடம்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும், பெரிய காளை என்றால் இருட்டைவிடக் கறுப்பாக இருக்கும். நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும்தான், ஆனால் தேயிலைச் செடி இடுப்பு உயரம் இருப்பதால் அந்தக் கால்கள் மறைந்துவிடும். மிஞ்சுவது கண். அதன் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற படலம் இருப்பதால் டார்ச் அடித்ததும் இரண்டு புள்ளி மின்னும். செடி மட்டத்துக்கு நன்றாக மேலே, ஆள் நெஞ்சு உயரத்தில் அசையாமல் மின்னினால் காட்டெருமை அல்லது கடமான். செடிகளுக்கு நடுவே இருக்கிற பாதையில், முழங்கால் உயரத்தில் மின்னினால் சிறுத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம். காட்டுப்பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது, கண் மின்னாது, உறுமலையும் செடி அசைவையும் வைத்துத்தான் தெரியும். காட்டெருமை தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த இரண்டு புள்ளியும் அணைந்துபோகும், போய்விட்டது என்று நினைத்து இறங்கி நடந்து அதன் மேலேயே போய் நிற்கிறவர்கள் உண்டு. அதனால் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இடமிருந்து வலம் மெதுவாக ஓட்டி, திரும்ப அதே வழியில் வர வேண்டும். இதற்குப் பளிச்சென்ற நீல வெள்ளையைவிட நிறத்தைச் சரியாகக் காட்டுகிற எல்.இ.டி. உதவும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்கிற எண்ணான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று பெட்டியில் இருந்தால் பழுப்பும் பச்சையும் கறுப்பும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், லூமன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கரடி வேறு மாதிரி. அது எண்ணெய் வாசனைக்கு வருகிறது, கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயில் விளக்கில் ஊற்றுகிற எண்ணெய்க்கும், டீக்கடை பலகாரத்துக்கும், சத்துணவுக்கூட எண்ணெய்க்கும் கதவை உடைத்த செய்தி அடிக்கடி வரும். பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. கரடி ஆளைத் தாக்குவது பெரும்பாலும் திடீரென்று கிட்டத்தில் எதிர்ப்படுகிறபோதுதான். எனவே வெளிச்சத்தைவிட முன்கூட்டிய சத்தம் பெரிய பாதுகாப்பு. கழிப்பறை வெளியே இருக்கிற வீடென்றால், கதவைத் திறக்கும் முன்பே ஜன்னல் வழியாகச் சுற்றுமுற்றும் டார்ச்சை ஓட்டி, சத்தமாகப் பேசி, கதவைத் தட்டி, அரை நிமிடம் காத்திருந்து வெளியே வரச் சொல்லுங்கள். எண்ணெய் டின்னையும் பழக்கூடையையும் பின்வராந்தாவில் வைக்க வேண்டாம். நாயை ராத்திரியில் வெளியே கட்ட வேண்டாம், சிறுத்தை அதற்குத்தான் வருகிறது.

ஸ்ட்ரோப், அதாவது படபடவென்று வெட்டி வெட்டி எரிகிறது, வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் வேலிப் பக்கமே ஓடலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை வருகிற வீடுகளில் கண்டிப்பாகக் கூடாது, வெளிச்சத்தையே குறியாக வைத்து யானை திரும்பி வருவது உண்டு, அங்கே டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போவதுதான் சரி. மூட்டத்தில் ஸ்ட்ரோப் போட்டால் போட்டவருக்கே தலை சுற்றும். இன்னொன்றும் சொல்கிறேன், காட்டெருமை, யானை, சிறுத்தை, கரடி நாலுமே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. விலங்கைத் துரத்துவதும் அந்தச் சட்டத்தின் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. டார்ச்சை வைத்து அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள், விலகிப் போக வழி விடுங்கள், போகவில்லை என்றால் வனத்துறை ஆட்களைக் கூப்பிடுங்கள்.

திருடன் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்வேன். இருட்டுக்குப் பழகிய கண்ணில் 500 லூமனை நேராக அடித்தால் யாருக்கும் சில நொடி கண் தெரியாது, அந்த அளவுக்கு அது வேலை செய்யும். ஆனால் டார்ச் எரிகிற நொடியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுபது வயதில் இருப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவே கூடாது. கதவு பூட்டியிருக்கட்டும், உள்ளிருந்தபடியே வெளி விளக்கு எல்லாவற்றையும் போடட்டும், 100 அல்லது 112-ஐ அழைத்துவிட்டு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு போன் போடட்டும். ஜன்னலில் டார்ச்சை விட்டு விட்டு எரியவைத்து, அடிக்கடி ஜன்னலை மாற்றினால் உள்ளே ஆள் விழித்திருக்கிறார்கள் என்று தெரியும், வந்தவன் பெரும்பாலும் அதற்கே நகர்ந்துவிடுவான். தடி மாதிரி கனமான டார்ச் வாங்கி அடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, பொத்தான். ஒரே பொத்தானை அமுக்க அமுக்க ஹை, லோ, ஸ்ட்ரோப், எஸ்.ஓ.எஸ். (உதவி கேட்கிற சைகை) என்று சுற்றி வருகிற டார்ச் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. பதற்றத்தில் மூன்றாவது தடவை அமுக்கினால் ஸ்ட்ரோப் வந்து நிற்கும். கையுறை போட்ட விரலுக்கும், குளிரில் விறைத்த விரலுக்கும் தட்டுப்படுகிற பெரிய பொத்தான் வேண்டும். எப்போது அமுக்கினாலும் ஒரே வெளிச்சம் வர வேண்டும். அழுத்திப் பிடித்தால் கூடுவதும் குறைவதும் பழகிக்கொள்ளலாம். 1000 லூமனுக்கு மேல் எரிகிற டார்ச்சைக் கம்பளி மேல் வாய் குப்புற வைத்துவிட்டால் துணி கருகும், படுக்கையில் அப்படி ஒன்று வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீர்த் தடுப்பு ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நம் மழைக்கு ஐ.பி.எக்ஸ்.7 உள்ளதையே வாங்குங்கள்.

செல் இரண்டு வகையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டார்ச்சுக்கு லித்தியம் அயன், யு.எஸ்.பி.-சி சார்ஜ், இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி நல்லதாகவே கிடைக்கும். மார்கழி தை மாதத்தில் உறைபனி விழுகிற இடங்களில் விடிகாலையில் உறைநிலை வரை போகும், லித்தியம் செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, போட்டால் செல் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். வீட்டுக்குள் வைத்தே சார்ஜ் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, பென்சில் செல் போடுகிற சின்ன எல்.இ.டி. டார்ச், 100 லூமன் இருந்தால் போதும். கரண்ட் இரண்டு நாள் வராவிட்டாலும் பக்கத்துப் பெட்டிக்கடையில் பென்சில் செல் கிடைக்கும். சாதாரண செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் இந்த ஈரத்தில் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை ஊருக்கு வரும்போது நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டு டார்ச்சும் ஒரே ஆணியில், கதவுக்குப் பக்கத்தில் இல்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

உண்மையில் டார்ச்சுக்கு முன்னால் வாங்க வேண்டியது வெளியே மாட்டுகிற சென்சார் லைட். வீட்டு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆள் நடந்தால் எட்டுப் பத்து மீட்டரில் தானாக எரிகிற வகை. சோலார் வேண்டாம், இரண்டு வாரம் சூரியனே தெரியாத ஊரில் அது ஏறாது. கரண்டில் ஓடுவதை வாங்கி இன்வெர்ட்டரில் இணையுங்கள். தோட்டத்தைப் பார்த்து அடிக்காமல் கீழே பார்த்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பது இன்னும் இருண்டுபோகும், மூட்டத்தில் அதுவே வெள்ளைத் திரையாகவும் ஆகிவிடும்.

டார்ச் வந்ததும் மூட்டம் இறங்குகிற முதல் ராத்திரியிலேயே அப்பாவோடு போனில் இருந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலி, தண்ணீர்த் தொட்டி, தோட்டத்துக்குள் போகிற பாதையின் வளைவு, இந்த மூன்றும் அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் எத்தனை லூமன் போட்டிருந்தாலும் சரி, திருப்பி அனுப்புகிற கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.